பைன்வுட் டெர்பி காருக்கு எடை குறைந்த சக்கரங்கள்: தேர்வும் சோதனையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவில் கப் ஸ்கௌட் (சாரணர் இயக்கத்தின் இளம் பிள்ளைகள் பிரிவு) பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிடும். மரத்தூள், உப்புத்தாள், மசகாகப் போடும் கிராஃபைட் பொடியின் கறை படிந்த விரல்கள். என் மகளோடு சேர்ந்து மூன்று பருவங்கள் பைன்வுட் டெர்பி பந்தயத்துக்குக் கார் செய்திருக்கிறேன். இப்போது எங்கள் குழுவின் பந்தய நாளில் கார்களைப் பரிசோதிக்கும் மேசையிலும் உட்காருகிறேன். அங்கே பெற்றோர்கள், குறிப்பாக முதல் முறையாக வரும் தமிழ்க் குடும்பத்தினர், அதிகம் கேட்பது சக்கரங்களைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பைன்வுட் டெர்பி என்றால் என்ன?

ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாகப் பயன்படும் நான்கு ஆணிகள். பெட்டியில் வருவது இவ்வளவுதான். கட்டையின் நீளம் 7 அங்குலம். அதைச் செதுக்கிக் காராக்கி, சரிவான தடத்தின் உச்சியிலிருந்து விடுவார்கள். மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு மட்டுமே. 1953-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்ஃபி என்ற கப் ஸ்கௌட் தலைவர் இதைத் தொடங்கினார். பெரிய மர வண்டியில் பிள்ளைகளே ஏறி ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் கலந்துகொள்ள அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. அதனால் கையடக்கமான ஒரு பந்தயத்தை யோசித்தார். நம் ஊர்ப் பள்ளிகளில் குருளையர் படையில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கப் ஸ்கௌட் என்பது அதே வயதுப் பிள்ளைகளின் இயக்கம்தான்.

எடை குறைந்த சக்கரங்களுக்கு அனுமதி உண்டா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பலர் கடைசியில் கேட்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும், அதற்கு மேலுள்ள ஸ்கௌட் மாவட்ட அமைப்பும் தனித்தனியாக விதித்தாள் வெளியிடுகின்றன. பெரும்பாலான குழுக்கள் இயக்கத்தின் அதிகாரபூர்வச் சக்கரங்களைத்தான் ஏற்கின்றன. வார்ப்பில் வந்த பிசிறை உப்புத்தாளால் நீக்கலாம். சக்கரத்தின் அகலத்தையோ வடிவத்தையோ மாற்றக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். பேரிங், வாஷர், புஷ் ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தடை உண்டு. சில குழுக்கள் உட்பக்கம் லேத்தில் கடைந்து எடை குறைத்த அதிகாரபூர்வச் சக்கரங்களை அனுமதிக்கின்றன. வேறு சில, பெற்றோருக்கும் அண்ணன் அக்காமாருக்கும் தனியாக ஒரு திறந்த பிரிவு வைத்து, அதில் எதையும் ஓடவிடுகின்றன.

விதித்தாளில் 'கடைதல்', 'மெலிதாக்குதல்' என்ற பொருளில் ஒரு சொல்லும் இல்லாவிட்டால், தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். 'சொல்லவில்லையே, அதனால் செய்தேன்' என்ற வாதம் பரிசோதனை மேசையில் எடுபடாது. அந்த வாதத்தைப் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் காரைக் கையில் பிடித்தபடி நிற்கும் குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சக்கரம் இலேசானால் கார் ஏன் வேகமாக ஓடுகிறது? மொத்த எடை எல்லாருக்கும் ஒன்றுதானே?

ஆம், மொத்த எடைக்கு உச்சவரம்பு 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம். எல்லாரும் அதைத் தொட்டுவிடுவார்கள். வேறுபாடு அந்த எடை எங்கே இருக்கிறது என்பதில்தான்.

காரின் கையிருப்பு அது நிற்கும் உயரம் மட்டுமே. அந்த உயரத்தில் இருக்கும் ஆற்றலைச் செலவழித்துத்தான் அது ஓட வேண்டும். மரக்கட்டைக்கு ஒரே வேலை, முன்னே நகர்வது. சக்கரத்துக்கு இரண்டு வேலை: முன்னேயும் நகர வேண்டும், சுற்றவும் வேண்டும். சுற்றுவதற்குப் போகும் ஆற்றல் காரின் வேகத்தில் சேராது. கிணற்றில் கனத்த இரும்பு ராட்டினத்தை முதல் இழுப்பில் சுற்ற வைக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மர ராட்டினம் தொட்டவுடன் திரும்பும்.

எண்ணில் பார்க்கலாம். பெட்டியில் வரும் சக்கரம் ஒன்று சுமார் 2.6 கிராம். அதன் எடையில் பெரும்பகுதி ஓரத்தில் இருப்பதால், சுற்றுவதற்கான சுமை அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 7 கிராம். 1 கிராம் சக்கரங்களில் இதுவே 3 கிராமுக்கும் கீழே. இந்த 4 கிராம் சொச்சம், 142 கிராமில் சுமார் 3 சதவீதம். நேரத்தில் அதன் பாதி, ஒன்றரை சதவீதம், மிச்சமாகும். வழக்கமான 42 அடித் தடத்தில் ஓட்டம் ஏறக்குறைய 3 விநாடி; அதில் 0.04 விநாடி மிச்சம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் முடிவுக் கோட்டில் அது கிட்டத்தட்ட ஒரு காரின் நீளம்.

இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. சக்கரங்களில் குறைந்த 6 கிராமை டங்ஸ்டன் என்ற கனத்த உலோகமாக மாற்றிக் காரின் பின்பகுதியில் பதிக்கலாம். தொடக்கத்தில் கார் சரிவில் நிற்பதால் பின்பகுதி இன்னும் உயரத்தில் இருக்கும். அங்கே இருக்கும் எடை அதிக உயரம் இறங்கும்.

அப்படியானால் முதல் வேலையே சக்கரம் வாங்குவதுதானா?

இல்லை. 5 அவுன்ஸை முழுதாகத் தொடாத கார், கோணலாக ஓடும் கார், ஆணியின் பிசிறு நீக்காத கார் ஆகியவை இந்த 0.04 விநாடியைப் போல் பல மடங்கை வழியிலேயே இழக்கின்றன. முதலில் எடையை நிறைத்துவிடுங்கள். காரின் சமநிலைப் புள்ளி பின் அச்சுக்கு முன்னால் முக்கால் முதல் ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஆணிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். நேராக ஓடவையுங்கள். சக்கர எடை அதற்குப் பிறகு.

எத்தனை கிராம் சக்கரம் நல்லது?

கடைகளில் உட்பக்கம் இலேசாகக் கடைந்தவை, நன்றாகக் குடைந்து பாதி எடைக்கும் கீழே கொண்டுவந்தவை, திறந்த பிரிவுக்கான கத்தி விளிம்புச் சக்கரங்கள் என்று பலவகை கிடைக்கும். அட்டையில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் பகுதிகளுக்கு நம் தச்சர்கள் வைத்த பெயர்கள் இங்கே நன்றாகவே பொருந்துகின்றன: நடுவில் குடம், வெளிவட்டம் வட்டை. டெர்பி சக்கரத்தில் எடையைக் குறைக்க வேண்டிய இடம் வட்டை. மையத்திலிருந்து தள்ளி இருக்கும் ஒவ்வொரு மில்லிகிராமும் சுற்றுவதற்கு அதிகச் சுமை. குடத்தைக் குடைந்து எடை குறைத்தால் பயன் சொற்பம், ஆபத்து அதிகம். ஆணியைத் தாங்கும் இடம் அதுதான், அது மெலிந்தால் சக்கரம் ஆடும். ஆகவே ஒரே எடையில் இரண்டு சக்கரங்கள் கிடைத்தால், வட்டை மெல்லியதாகவும் குடம் தடிமனாகவும் இருப்பதை எடுங்கள். விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் வெளிர்நிறச் சக்கரங்களில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

குழந்தை கையாளும் கார் என்றால், எனக்குக் கிடைக்கிறது என்பதற்காக மிக மெல்லிய சக்கரத்தை வாங்க மாட்டேன். 1.5 கிராமை ஒட்டிய சக்கரம் பெரும்பங்கு ஆதாயத்தைத் தந்துவிடும், விழுந்தாலும் தாங்கும்.

பெட்டியில் வந்த சக்கரங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. சக்கரங்கள் வார்ப்பில் வருபவை. உட்பக்கம் வார்ப்பு அச்சின் எண் பொறித்திருக்கும். ஒரே எண்ணுள்ள சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். தனியாக விற்கும் சக்கரப் பொட்டலங்கள் இரண்டு மூன்று வாங்கி, அதிகாரபூர்வமானவையாகவே, எடைபோட்டு, உருட்டிப் பார்த்து, நல்ல நான்கைப் பொறுக்குங்கள். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். நாங்கள் இரண்டாம் ஆண்டு இப்படித்தான் செய்தோம். என் மகள் ஒவ்வொரு சக்கரத்தையும் முட்டை அட்டையின் ஒரு குழியில் வைத்து, எடையைச் சிறு துண்டுத்தாளில் எழுதிக் கீழே செருகினாள். எடைகளில் பெரிய வேறுபாடு இல்லை. வட்டத்தில்தான் வேறுபாடு இருந்தது.

சக்கரம் சரியான வட்டமா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

எடையை விட நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 9 சென்டிமீட்டர் சொச்சம் கடக்கும். 42 அடி என்பது 12.8 மீட்டர், ஓட்டம் முடிவதற்குள் 130 சுற்றுக்கு மேல் ஆகிவிடும். வட்டையில் ஒரு சின்ன மேடு இருந்தால் கார் 130 முறை துள்ளும். துள்ளலில் போன ஆற்றல் திரும்ப வராது. காசு கொடுத்து வாங்கிய இலேசான சக்கரம் என்றால் வட்டமாகத்தான் இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். லேத்தில் கோணலாகப் பிடித்துக் கடைந்தால் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் போகும்.

துளைக்குள் ஆட்டமில்லாமல் நுழையும் ஒரு டிரில் பிட்டின் வழவழப்பான காம்பை எடுத்து, ஒரு மரக்கட்டையில் படுக்கைவாட்டில் பொருத்துங்கள். சக்கரத்தை அதில் மாட்டுங்கள். இரும்பு அடிக்கோலின் விளிம்பை வட்டைக்கு மிக அருகே, தொடாமல் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் ஒரு டார்ச் விளக்கை வையுங்கள். இப்போது சக்கரத்தை விரலால் மெதுவாகத் திருப்பினால், நடுவில் தெரியும் ஒளிக்கீற்று ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். அது அகன்று, குறுகி, மறுபடி அகன்றால் சக்கரம் வட்டமில்லை. பக்கவாட்டிலும் அடிக்கோலை வைத்து இதேபோல் பாருங்கள். அங்கே கீற்று அசைந்தால் சக்கரம் தள்ளாடுகிறது என்று பொருள்.

நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஒரு முழுச் சுற்றில் முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் அந்தச் சக்கரத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

காம்பில் மாட்டிய சக்கரம் தானாகத் திரும்பி எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால், அந்த இடம் கனமாக இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காம்பு துளையை விடக் கொஞ்சம் மெல்லியதாக இருக்க வேண்டும்.

விரலால் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்தால் போதாதா?

இந்தச் சோதனை பலரை ஏமாற்றிவிடுகிறது. முதல் ஆண்டு என்னையும் ஏமாற்றியது. இலேசான சக்கரத்தைச் சுற்றிவிட்டோம், சீக்கிரம் நின்றுவிட்டது. பழைய கனமான சக்கரம் நெடுநேரம் சுற்றியது. 'பழையதுதான் நல்லது' என்று முடிவுகட்டி அதையே மாட்டினோம்.

நடந்தது இதுதான்: கனமான வட்டை, ஒருமுறை சுற்றத் தொடங்கினால் எளிதில் நிற்காது, காற்றின் எதிர்ப்பும் துளைக்குள் இருக்கும் பிசுக்கும் அதை மெதுவாகத்தான் நிறுத்தும். இலேசான சக்கரம் அதே எதிர்ப்பில் விரைவில் அடங்கிவிடும். நெடுநேரம் சுற்றுவது அதன் கனத்துக்குச் சாட்சி, வேகத்துக்கு அல்ல. மேலும், விரலால் சுற்றும்போது ஆணியின் மேல் காரின் எடை இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு சக்கரங்களில் எதன் துளை வழவழப்பாக இருக்கிறது என்று ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

சக்கரத்தை மட்டும் சரிவில் உருட்டிவிட்டால்?

அது வேறொன்றைச் சொல்லும். தனியாக உருளும் சக்கரத்தின் வேகம் அதன் எடையைப் பொறுத்ததல்ல. எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளையலும் காசும் ஒரே சரிவில் உருண்டால் காசு முந்தும், வளையலின் எடை முழுவதும் ஓரத்தில் இருப்பதால். ஆகவே கண்ணாடிப் பலகையைச் சற்றுச் சாய்த்து இரண்டு சக்கரங்களைச் சேர்த்து உருட்டினால், வட்டை மெலிந்தது எது என்பது தெரியும். கோணலாக ஓடிப் பலகையை விட்டு விழுவதை அங்கேயே ஒதுக்கிவிடலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

காரில் மாட்டி எப்படிச் சோதிப்பது? எங்கள் வீட்டில் தடம் இல்லை.

தடம் வேண்டாம். 8 அடி நீளமுள்ள, வழவழப்பான அலமாரிப் பலகை ஒன்று போதும். நடுவே, காரின் சக்கரங்களுக்கு இடையில் நுழையும் அளவுக்கு ஒரு மெல்லிய மரப்பட்டையை ஒட்டுங்கள். கார் விலகாமல் அது வழிநடத்தும். ஒரு முனையை ஓர் அடி உயர்த்தி வையுங்கள். மறுமுனையில் தலையணை.

இந்தச் சரிவில் கார் இறங்க ஏறக்குறைய 2 விநாடி ஆகும். 2.6 கிராம் சக்கரத்துக்கும் 1 கிராம் சக்கரத்துக்கும் கணக்குப்படி 0.03 விநாடி வேறுபாடு இருக்க வேண்டும். கையால் நிறுத்துகடிகாரத்தை அழுத்தினால் இதைப் பிடிக்கவே முடியாது. விரலின் பிழை அதை விடப் பெரியது. கைப்பேசியில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவசைவு வீடியோ இருந்தால் பிடித்துவிடலாம். 0.03 விநாடி என்பது அதில் 7 படங்கள். கார் தொடக்கக் கோட்டை விடும் படத்திலிருந்து முடிவுக் கோட்டைத் தொடும் படம் வரை எண்ண வேண்டியதுதான். இரண்டு கோடுகளும் ஒரே காட்சிக்குள் அடங்கும்படி கைப்பேசியைத் தள்ளி நிறுத்துங்கள். காரைக் கையால் விடாதீர்கள்; ஓர் அடிக்கோலைக் குறுக்கே பிடித்து, அதைச் சட்டென்று முன்னோக்கிக் கீழே சாய்த்து விடுங்கள்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது, சக்கரம் மாற்றும்போது காரின் மொத்த எடையைப் பழையபடி 5 அவுன்ஸுக்குக் கொண்டுவாருங்கள். சமநிலைப் புள்ளியும் மாறக் கூடாது. இரண்டாவது, பழையதில் பத்து ஓட்டம், பிறகு புதியதில் பத்து ஓட்டம் என்று போகாதீர்கள். கிராஃபைட் ஓட ஓடப் படிந்து வேகம் மாறும். பிறகு உதிர்ந்து மறுபடி மாறும். பழையதில் ஐந்து, புதியதில் ஐந்து, மறுபடி பழையதில் ஐந்து, மறுபடி புதியதில் ஐந்து என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வோர் ஐந்து நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தயக் காரிலேயே இதைச் செய்யாதீர்கள். பைன் மென்மையான மரம். எங்கள் காரில் மூன்றாவது முறை ஆணியைப் பிடுங்கிச் செருகியபோது வெட்டுவாய் தளர்ந்துவிட்டது. 'அம்மா, இந்தச் சக்கரம் தலையாட்டுகிறது' என்று என் மகள்தான் முதலில் கண்டாள். முன் இடது சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தைத் தொட்டு, அந்த இடத்தில் பெயின்ட்டின் நீலம் பிறைவடிவில் தேய்ந்திருந்தது. அதன் பிறகு கெட்டியான மரத்தில், துளையிட்ட ஒரு சோதனை வண்டியைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டோம். இன்றுவரை அதே வண்டிதான் எல்லாச் சோதனைக்கும்.

சரிவில் இறக்கி, தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளந்தால்?

நல்ல சோதனைதான், ஆனால் சக்கரத்தின் எடையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சுற்றுவதற்குப் போன ஆற்றலைச் சமதரையில் சக்கரம் திருப்பித் தந்துவிடும். இலேசானதும் கனமானதும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் ஓடும். உராய்வும் கோணலும்தான் தூரத்தைக் குறைக்கும். ஆகவே தூரத்தை அளந்து ஆணியையும் துளையையும் சீர்செய்யுங்கள். நேரத்தை அளந்து சக்கர எடையைத் தேர்ந்தெடுங்கள்.

துளையை எப்படித் தயார் செய்வது?

பிளாஸ்டிக் பாலிஷை ஒரு மென்மையான பைப் கிளீனரில் தொட்டு, துளைக்குள் சில முறை திருப்புங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, கிராஃபைட் பொடியைத் தட்டி உள்ளே இறக்குங்கள். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவற்றைப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். சக்கரத்தின் பாலிஸ்டைரீனை அவை கரைத்துவிடும். சக்கரத்துக்கும் கட்டைக்கும் இடையே ஒரு கடன் அட்டையின் தடிமன் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

டிரில்லில் மாட்டி நாமே எடையைக் குறைக்கலாமா?

விதி அனுமதித்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் சூடாகி இழுபடும், துளை மையம் விலகும். பிசிறு நீக்க மட்டும் மிகக் குறைந்த வேகத்தில், தண்ணீர் தொட்ட 600 எண் உப்புத்தாளையும் பிறகு 1000 எண் தாளையும் பட்டும் படாமல் காட்டலாம். வட்டையின் தளம் தட்டையாகவே இருக்க வேண்டும். உருண்டையாக்கிவிட்டால் பரிசோதனை மேசையில் பிடிபடும்.

ஒரு முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்தால் என்ன?

சுற்றாத சக்கரத்துக்குச் செலவு இல்லை, அதனால் உண்மையான ஆதாயம் இருக்கிறது. ஆனால் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட வேண்டும் என்று பல குழுக்கள் விதித்திருக்கின்றன. அனுமதி இருந்தால், இலேசான சக்கரத்துக்குக் காசு கொடுக்கும் முன் செலவில்லாத இதை முயன்று பாருங்கள்.

மெல்லிய சக்கரங்கள் உடையாதா?

உடையும். தடத்தின் முடிவில் கார் மோதி நிற்கும் இடத்திலும், குழந்தையின் கையிலிருந்து தரையில் விழும்போதும்தான் பெரும்பாலும் விரிசல் விடும். காரைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி வைக்காமல், வயிற்றுப்பகுதியைத் தாங்கும் ஒரு சிறு கட்டையின் மேல் வையுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு குடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

விலைக்கு வாங்கிய சக்கரம் குழந்தையின் வேலையாகுமா?

இதைக் கேட்கும் பெற்றோர்களை எனக்குப் பிடிக்கும். சக்கரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, மாட்டவும் நீங்களே மாட்டினால் ஆகாது. எடைபோட்டவள், ஒளிக்கீற்றைப் பார்த்தவள், வீடியோவில் படங்களை எண்ணியவள் அவளாக இருந்தால் அது அவளுடைய கார்தான். ஏழு வயதுக் குழந்தைக்கு நகைத் தராசில் 0.01 கிராம் படிக்கத் தெரியும். பலகைச் சரிவில் இருபது ஓட்டங்களின் எண்களை நோட்டில் எழுதத் தெரியும். வெட்டும் இயந்திரங்களை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழு விதியில் கடைந்த சக்கரத்துக்கு இடமில்லை. ஆகவே அவற்றைத் திறந்த பிரிவில் என் காரில்தான் ஓட்டுகிறோம். அந்தக் காருக்கும் சக்கரம் பொறுக்குவது அவள்தான்.

பந்தய நாளில் எதை எடுத்துச் செல்வது?

விதித்தாளின் நகல், தலைவர் அனுப்பிய பதிலின் அச்சுப்படி, ஏற்கெனவே சோதித்து வைத்த இரண்டு மாற்றுச் சக்கரங்கள், கிராஃபைட், ஒரு சிறு இடுக்கி. பதிவு முடிந்து கார் மேசைக்குப் போய்விட்டால் பெரும்பாலான இடங்களில் அதைத் தொட விடமாட்டார்கள். ஆகவே கடைசிக் கிராஃபைட்டை வரிசையில் நிற்கும்போதே போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் நாற்பது ஐம்பது முறை சுற்றிவிடுங்கள். அந்த வரிசை எப்படியும் நீளமாகத்தான் இருக்கும்.